மெஷினில் ஓட்டினால் நோய்க்கான மரபணு தெரிந்துவிடாதா?

கேள்வி இதுதான்: ஒரு குடும்பத்தில் மூன்று தலைமுறையாக இதயத் தசை தடிக்கும் நோய் வருகிறது. முழு டிஎன்ஏவையும் சில நாட்களில் படித்துவிடும் மெஷின்கள் வந்த பிறகும், காரணமான மரபணுவைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சியாளர்களுக்கு ஏன் வருடக்கணக்கில் ஆகிறது?

டிஎன்ஏவைப் படிப்பது இன்று பெரிய வேலை இல்லை. படித்து முடித்த பிறகுதான் வேலையே ஆரம்பிக்கிறது. மனித மரபணுத்தொகுதியில் சுமார் 310 கோடி எழுத்துகள். யாருடையதைப் படித்தாலும் பொது மாதிரி வரிசையிலிருந்து 40 முதல் 50 லட்சம் இடங்களில் மாறியிருக்கும். புரதம் செய்யச் சொல்லும் பகுதியான எக்ஸோமை மட்டும் படித்தால்கூட 20,000-க்கு மேல் மாற்றங்கள் வரும். எந்த நோயும் இல்லாதவரிடமும் மரபணுவை முடக்கக்கூடிய மாற்றங்கள் சுமார் நூறு இருக்கும். மெஷின் தருவது சந்தேகப் பட்டியல் மட்டுமே. அதில் எது குற்றவாளி என்று நிரூபிப்பதில்தான் வருடங்கள் போகின்றன, தவறுகளும் அங்கேதான் நடக்கின்றன.

முதல் தவறு ரத்தம் எடுப்பதற்கு முன்பே நடந்துவிடும். ஆராய்ச்சி தொடங்க வேண்டிய இடம் வம்சாவளிப் படம். குறைந்தது மூன்று தலைமுறை வேண்டும். இறந்தவர்கள், கருச்சிதைவுகள், சிறுவயதில் போன குழந்தைகள் எல்லாரும் அதில் வர வேண்டும். "ஹார்ட் அட்டாக்கில் போயிட்டார்" என்று வீட்டில் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளக் கூடாது. முப்பது வயதில் ஓடும்போது சுருண்டு விழுந்தவரையும் எழுபதில் ரத்தக்குழாய் அடைத்து இறந்தவரையும் குடும்பம் ஒரே சொல்லால்தான் சொல்லும். ஆராய்ச்சியாளருக்கு இவை இரண்டு வேறு நோய்கள்.

பிறகு ஒவ்வொருவருக்கும் நோய் உண்டு, இல்லை, தெரியாது என்ற மூன்றில் ஒன்றைக் குறிக்க வேண்டும். அவசரப்படுபவர்கள் "தெரியாது" என்ற கட்டத்தையே பயன்படுத்துவதில்லை. இதயத் தசை தடிப்பு நோய் பலருக்கு இருபது, முப்பது வயதுக்குப் பிறகுதான் எக்கோவில் (இதய ஸ்கேன்) தெரியும். 19 வயதுப் பையனின் எக்கோ சரியாக இருக்கிறது என்று அவனை "நோய் இல்லை" என்று குறித்தால், அவனிடமும் இருக்கும் உண்மையான மாற்றத்தை, நோயற்றவரிடமும் இருப்பது என்று சொல்லி, பட்டியலை வடிகட்டும் மென்பொருள் தூக்கி எறிந்துவிடும். எதிர்ப்பக்கமும் உண்டு: பல வருட ரத்தக்கொதிப்பால் இதயச் சுவர் தடித்த பெரியப்பாவை "நோய் உண்டு" என்று சேர்த்தால், அவரிடம் இல்லாத ஒரே காரணத்தால் சரியான மரபணு கழிந்துபோகும். ஒரே ஒரு தவறான குறி போதும். அதன் பிறகு எவ்வளவு விலையுள்ள மெஷினை வைத்தாலும் பதில் வராது.

யாரிடம் மாதிரி எடுப்பது என்பதிலும் கணக்கு இருக்கிறது. ஒருவரிடம் உள்ள அரிய மாற்றம் அவருடைய உடன்பிறந்தவரிடமும் இருப்பதற்கான வாய்ப்பு 2-ல் 1. சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகளிடம் 8-ல் 1. அவர்களுடைய பிள்ளைகளை ஒருவருக்கொருவர் ஒப்பிட்டால் 32-ல் 1. ஆகவே நோயுள்ள அண்ணன் தம்பி இருவரைப் படித்தால் சந்தேகப் பட்டியல் பாதிதான் குறையும். நோயுள்ள தூரத்து உறவினர் இருவரைப் படித்தால் அதே செலவில் பட்டியல் முப்பதில் ஒரு பங்காகச் சுருங்கும். பக்கத்து ஊரில் இருக்கும் அந்த உறவினரைத் தேடிப் போகச் சோம்பல்பட்டு, ஒரே வீட்டில் நாலு பேரிடம் ரத்தம் எடுத்து வருவது வீண் செலவு. பெற்றோர் யாருக்கும் இல்லாமல் குழந்தைக்கு மட்டும் வந்த நோய் என்றால் கணக்கு வேறு. அப்போது அப்பா, அம்மா, குழந்தை மூவரையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒவ்வொரு குழந்தையிலும் பெற்றோரிடம் இல்லாத புதிய மாற்றங்கள் 60, 70 இருக்கும். அவற்றில் புரதப் பகுதியில் விழுவது ஒன்றிரண்டுதான்.

தமிழ்நாட்டுக் குடும்பங்களில் "சொந்தத்தில் கல்யாணமா?" என்ற கேள்வியை இரண்டு விதமாகக் கேட்க வேண்டும். முறைப்பெண், முறைமாப்பிள்ளை என்று கேட்டால் உடனே சொல்வார்கள். "முன்னாடி ஏதாவது உறவு உண்டா, இரண்டு வீட்டுக்கும் பூர்வீகம் ஒரே ஊரா?" என்று கேட்டால்தான் மீதி வரும். அத்தை மகன், மாமன் மகள் திருமணத்தில் பிறக்கும் குழந்தைக்கு மரபணுத்தொகுதியில் சராசரியாக 6.25 சதவீதம், அப்பா வழியாக ஒன்று, அம்மா வழியாக ஒன்று என வரும் இரு பிரதிகளும் ஒரே முன்னோரிடமிருந்து வந்ததாக இருக்கும். தாய்மாமன் திருமணத்தில் அது 12.5 சதவீதம். இரு பிரதியும் பழுதானால் மட்டும் வரும் நோய்களுக்கு இது ஆபத்து. ஆனால் ஆராய்ச்சியாளருக்கு அதுவே துப்பு. அந்த ஒரே மாதிரியான துண்டுகளுக்குள் மட்டும் தேடினால் போதும். 1987-ல் மரபியலாளர்கள் லேண்டரும் பாட்ஸ்டைனும் வகுத்துக் கொடுத்த வழி இது, இன்றும் நம் ஊரில் நன்றாக வேலை செய்கிறது. உறவே இல்லை என்று உறுதியாகச் சொல்லும் தம்பதிகளிடமும் இத்தகைய துண்டுகள் கிடைப்பதுண்டு. 2017-ல் தங்கராஜ், டேவிட் ரைக் ஆகியோரின் குழு ஆராய்ந்த 263 தெற்காசியச் சமூகங்களில் 81-ல், பின்லாந்து மக்களையும் அஷ்கெனாசி யூதர்களையும்விட வலுவான சிறுமுன்னோர் விளைவு இருந்தது. ஒரு சில முன்னோரிடமிருந்து பெருகி, வெளியே பெண் கொடுக்காமல் எடுக்காமல் இருந்ததன் தடம் அது.

இனி ரத்தம். 3 முதல் 5 மி.லி., ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ உள்ள ஊதா மூடிக் குழாயில். பச்சை மூடிக் குழாயில் ஹெப்பரின் இருக்கிறது. அது பின்னால் டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கும் பிசிஆர் வினையைத் தடுத்துவிடும். எடுத்ததும் குழாயை எட்டு, பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், இல்லாவிட்டால் கட்டி தட்டும். 4 டிகிரியில் சில நாட்கள் தாங்கும். மாதிரி தருபவருக்கு அண்மையில் ரத்தம் ஏற்றியிருக்கிறதா, எலும்பு மஜ்ஜை மாற்றியிருக்கிறதா என்று படிவத்தில் கேட்டாக வேண்டும். மஜ்ஜை மாற்றியவரின் ரத்தத்தில் இருப்பது கொடையாளியின் டிஎன்ஏ. அவரிடம் தோலிலிருந்து எடுக்க வேண்டும்.

ஒரு மி.லி. ரத்தத்தில் சுமார் 20 முதல் 40 மைக்ரோகிராம் டிஎன்ஏ வரும். எக்ஸோமுக்கு ஒரு மைக்ரோகிராம்கூட வேண்டாம், ஆகவே அளவு பிரச்சினையே இல்லை, தரம்தான். 260, 280 நானோமீட்டர் ஒளி உறிஞ்சல் விகிதம் 1.8-ஐ ஒட்டி இருக்க வேண்டும். 1.6-க்குக் கீழே போனால் புரதம் கலந்திருக்கிறது. ஒளி உறிஞ்சலை அளக்கும் நானோடிராப் கருவி காட்டும் அளவை நம்பி மெஷினுக்கு அனுப்பாதீர்கள். அது மரபணுவின் நகலான ஆர்என்ஏவையும் உடைந்த துணுக்குகளையும் சேர்த்துக் கூட்டிச் சொல்லும். டிஎன்ஏவை மட்டும் அளக்கும் கியூபிட் கருவியில் அளந்து, துண்டுகளை நீளப்படி பிரிக்கும் அகரோஸ் ஜெல்லில் ஒருமுறை ஓட்டி, மேலே ஒரே பட்டையாக நிற்கிறதா என்று பார்ப்பது அரை மணி நேர வேலை. கீழே வரை புகைபோல் இழுத்திருந்தால் டிஎன்ஏ சிதைந்துவிட்டது, மறுபடி எடுக்க வேண்டும்.

மெஷினுக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம். டிஎன்ஏவைச் சில நூறு எழுத்து நீளத் துண்டுகளாக உடைத்து, இரு முனையிலும் அடாப்டர் என்ற சிறு டிஎன்ஏ துண்டை ஒட்டி, எக்ஸோம் பகுதிகளை மட்டும் பயோட்டின் பூசிய தூண்டில்களால் பிடித்து, பொதுவாக இரு பக்கமும் 150 எழுத்து படிப்பார்கள். ஒவ்வொரு இடமும் சராசரியாக 100 முறை படிக்கப்பட வேண்டும். சராசரியைவிட முக்கியம், எத்தனை சதவீத இடங்கள் குறைந்தது 20 முறை படிக்கப்பட்டன என்பது. அது 95 சதவீதத்துக்குக் கீழே என்றால் "ஒன்றும் கிடைக்கவில்லை" என்ற ரிப்போர்ட்டுக்கு மதிப்பில்லை. ஜி, சி எழுத்துகள் மிகுந்த முதல் எக்ஸான்கள் (மரபணுவில் புரதத்துக்கான துண்டுகள்) எப்போதும் மெலிவாகத்தான் வரும். முடிவு வந்ததும் வேறு எதையும் பார்க்கும் முன் இரண்டைச் சரிபார்க்க வேண்டும்: டிஎன்ஏ சொல்லும் பாலினம் படிவத்தோடு ஒத்துப்போகிறதா, உறவுகள் வம்சாவளியோடு ஒத்துப்போகிறதா. குழாய் மாறிப்போனது இங்கேதான் பிடிபடும். அப்பா அப்பா இல்லை என்பதும் இங்கேதான் தெரியவரும். அப்படி ஒன்று தெரிந்தால் யாரிடம் என்ன சொல்வது, சொல்லாமல் விடுவது என்று சம்மதப் படிவம் எழுதும்போதே முடிவு செய்திருக்க வேண்டும்.

எக்ஸோம் பார்க்கவே முடியாதவையும் உண்டு. ஹண்டிங்டன் நோயை எடுத்துக்கொள்ளுங்கள். நான்சி வெக்ஸ்லரின் குழு வெனிசுவேலாவில் மரகாய்போ ஏரிக்கரைக் கிராமங்களில் சேகரித்த வம்சாவளி காலப்போக்கில் 18,000 பேரைத் தாண்டியது. அதன் உதவியோடு 1983-ல் குசெல்லா குழு நோயின் இருப்பிடம் 4-ஆம் குரோமோசோம் என்று காட்டியது; மரபணு கையில் கிடைக்க 1993 ஆனது. பிரச்சினை சிஏஜி என்ற மூன்றெழுத்து 40 தடவையோ அதற்கு மேலோ திரும்பத் திரும்ப வருவது. 36 முதல் 39 தடவை வந்தால் சிலருக்கு நோய் வரும், சிலருக்கு வராது. 150 எழுத்துத் துண்டுகளை ஒட்டிப் பார்க்கும் வழக்கமான எக்ஸோம் ஆய்வு இதைத் தவறவிடும். டுஷேன் தசைச்சிதைவில் பெரும்பாலும் ஒரு எக்ஸானோ பல எக்ஸான்களோ முழுசாகக் காணாமல் போயிருக்கும். அதற்கு ஒவ்வொரு எக்ஸானும் எத்தனை பிரதி இருக்கிறது என்று எண்ணும் எம்எல்பிஏ சோதனைதான் முதலில். முதுகுத்தண்டு தசைநலிவில் எஸ்எம்என்1 மரபணுவுக்குப் பக்கத்திலேயே கிட்டத்தட்ட அச்சாக அதே மாதிரி எஸ்எம்என்2 இருப்பதால் மென்பொருள் குழம்பும். நோயைப் பார்த்துச் சோதனையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் எக்ஸோம் எழுதிக் கொடுப்பது சோம்பேறித்தனம்.

இனி வடிகட்டல். இருபதாயிரத்துச் சொச்சத்தில் மக்களிடையே பரவலாக உள்ளவற்றை நீக்கினால், புரதத்தை மாற்றும் அரிய மாற்றங்கள் சில நூறு எஞ்சும். "பரவலாக" என்றால் எவ்வளவு? பலர் பழக்கத்தில் 1 சதவீதம் என்று போடுகிறார்கள். அது மிகத் தாராளம். கணக்கு இப்படி: இதயத் தசை தடிப்பு நோய் 500 பேரில் ஒருவருக்கு. ஒவ்வொருவரிடமும் இரண்டு பிரதிகள் இருப்பதால் அதைப் பாதியாக்குங்கள். எந்த ஒரு மாற்றமும் இந்த நோயாளிகளில் 2 சதவீதத்துக்கு மேல் காரணமாக இருக்காது என்று வைத்து 0.02-ஆல் பெருக்குங்கள். மாற்றம் உள்ளவர்களில் பாதிப்பேருக்குத்தான் நோய் வெளிப்படும் என்று 0.5-ஆல் வகுங்கள். வருவது 0.00004, அதாவது 0.004 சதவீதம். அதைவிட அதிகமாக மக்களிடையே திரியும் மாற்றம் தனியாக நின்று இந்த நோயைக் கொடுக்கிறது என்றால் நம்பாதீர்கள்.

இந்தக் கணக்குக்கு உயிர், ஒப்பிடும் மக்கள்தொகையில் இருக்கிறது. நோமேட் என்ற பொதுத் தொகுப்பின் நான்காம் பதிப்பில் 8 லட்சத்துக்கு மேற்பட்டோர் உண்டு. அதில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளி. அமெரிக்காவில் இதே இதய நோய்க்குக் காரணம் என்று ரிப்போர்ட் கொடுக்கப்பட்ட சில மாற்றங்கள், கறுப்பின மக்களிடையே சாதாரணமாக இருக்கும் தீங்கில்லாத மாற்றங்கள் என்று 2016-ல் மன்றாய் குழு காட்டியது. ஆரம்ப ஆய்வுகளின் ஒப்பீட்டுக் கூட்டத்தில் கறுப்பினத்தவர் போதிய அளவில் இல்லை, அவ்வளவுதான். நம்மவர்களுக்கும் இது அப்படியே பொருந்தும். நோமேட்டில் இல்லை என்பதற்காக அரிது என்று முடிவு கட்டாமல், 1,029 பேரைப் படித்த இண்டிஜென், சுமார் 10,000 பேரைப் படித்த ஜீனோம் இந்தியா ஆகியவற்றிலும் பார்க்க வேண்டும். முடிந்தால் அதே சமூகத்தைச் சேர்ந்த நோயற்ற நூறு பேரிடம் சோதிப்பது இன்னும் நல்லது.

கேள்வியில் உள்ள நோய்க்கே நம் பகுதியில் ஒரு பாடம் இருக்கிறது. எம்ஒய்பிபிசி3 என்ற மரபணு இதயத் தசை சுருங்குவதை ஒழுங்குபடுத்தும் புரதத்துக்கானது. அதன் 32-ஆம் இன்ட்ரானில் (எக்ஸான்களுக்கு இடையே உள்ள, பிறகு வெட்டி நீக்கப்படும் பகுதி) 25 எழுத்துகள் விடுபட்ட வடிவம் ஒன்று உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் தண்டபாணி, ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வு மையத்தின் தங்கராஜ் உள்ளிட்டோர் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், இது தெற்காசியர்களில் சுமார் 4 சதவீதத்தினரிடம் இருப்பதாகவும், இருப்பவர்களுக்கு இதயத் தசை நோய் வரும் சாத்தியம் ஏறத்தாழ 7 மடங்கு என்றும் சொன்னார்கள். விடுபட்ட எழுத்துகளால் 33-ஆம் எக்ஸான் தாவப்படுகிறது, புரதத்தின் வால் மாறுகிறது என்பதும் ஆய்வகத்தில் தெரிந்தது. கோடிக்கணக்கானோரைத் தொடும் செய்தி, அதனால் பத்திரிகைகளிலும் பெரிதாக வந்தது.

இப்போது மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள். 4 சதவீதம் பேரிடம் என்றால் பிரதிகளில் 2 சதவீதம். வரம்பு 0.004 சதவீதம். ஐந்நூறு மடங்கு அதிகம். ஆகவே இது தனியாக நின்று நோய் கொடுக்கும் மாற்றமாக இருக்க வழியில்லை; மிஞ்சினால் சாத்தியத்தைக் கொஞ்சம் கூட்டும் காரணி. அப்படியானால் 7 மடங்கு எங்கிருந்து வந்தது? 2020-ல் பிரிட்டனில் உள்ள தெற்காசிய நோயாளிகளை ஹார்ப்பர் குழு மறுபடி ஆராய்ந்தபோது விடை கிடைத்தது. 25 எழுத்து விடுபட்ட அதே குரோமோசோம் துண்டில், சிலரிடம் மட்டும், அதே மரபணுவின் வேறோர் இன்ட்ரானுக்குள் ஒரே ஒரு எழுத்து ஜி-யிலிருந்து ஏ-யாக மாறியிருக்கிறது. அது அடுத்த எக்ஸானுக்கு 52 எழுத்து முன்னால் இருக்கிறது. இன்ட்ரான்களை நீக்கி எக்ஸான்களை வெட்டி ஒட்டும் செல்லின் இயந்திரத்துக்குப் பொய்யான ஒரு வெட்டுமுனையைக் காட்டுகிறது. தடிப்பு நோய்க்கான ஆபத்தில் பெரும்பகுதி இதனுடையது. 25 எழுத்து விடுபட்டது அதனோடு கூடப் பயணம் செய்ததால் பழியை ஏற்றது. அது முழுக்கத் தீங்கற்றது என்றும் யாரும் கதையை மூடிவிடவில்லை. வேறு பழுதுகளோடு சேரும்போது என்ன செய்கிறது என்ற ஆய்வுகள் தொடர்கின்றன.

இதில் வேலைக்கு உதவும் செய்திகள் மூன்று. அந்த ஒற்றை எழுத்து முன்பு பிடிபடாததற்குக் காரணம், பெரும்பாலான ஆய்வகங்கள் எக்ஸானைத் தாண்டி 10, 20 எழுத்து வரைதான் பார்த்து ரிப்போர்ட் எழுதும். 52 எல்லைக்கு வெளியே. அடுத்தது, எக்ஸான் தாவுகிறது என்று ஆய்வகத்தில் காட்டியது உண்மை, ஆனாலும் ஆபத்தின் பெரும்பகுதி வேறிடத்தில் இருந்தது. ஒரு மாற்றம் செல்லில் ஏதாவது செய்கிறது என்பதும் அதுதான் நோயைத் தருகிறது என்பதும் வேறு வேறு. மூன்றாவது, பரவலான ஒன்றோடு நோய் சேர்ந்து வருகிறது என்றால், அதன் பக்கத்தில் அரிதாக என்ன ஒளிந்திருக்கிறது என்று முழு மரபணுவையும் இன்ட்ரானோடு படித்துப் பார்க்க வேண்டும்.

சரி, வடிகட்டி முடித்து ஐந்தாறு பெயர்கள் எஞ்சின என்று வையுங்கள். அவற்றைச் சேங்கர் முறையில் (ஒரு சிறு பகுதியை மட்டும் படிக்கும் பழைய முறை) மறுபடி படித்து உறுதி செய்து, குடும்பத்தில் எல்லாரிடமும் பார்க்க வேண்டும். பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு என்ற ஒவ்வொரு தலைமுறைத் தாவலிலும் மாற்றம் தற்செயலாக நோயோடு பொருந்திவர 2-ல் 1 வாய்ப்பு. பத்துத் தலைமுறைத் தாவல்கள் பொருந்தினால் 1024-ல் 1. மரபியலாளர்கள் பழைய நாளிலிருந்து நிரூபணம் என்று ஏற்கும் லாட் மதிப்பு 3 (ஏறத்தாழ ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவு) என்பது இதுதான். சிறிய குடும்பத்தில் மூன்று பேர் பொருந்துவது ஒன்றையும் நிரூபிக்காது. அதனால்தான் அதே மரபணுவில் பழுதுள்ள, உறவில்லாத இன்னொரு குடும்பத்தை உலகில் எங்காவது தேட வேண்டியிருக்கிறது. ஜீன்மேட்சர் போன்ற தளங்கள் இதற்காகவே இருக்கின்றன. 2010-ல் மில்லர் நோய்க்கான மரபணுவை எக்ஸோம் வழியாகக் கண்டுபிடிக்க மூன்று குடும்பங்களைச் சேர்ந்த நான்கு பேர் போதுமானதாக இருந்தது. மூன்றிலும் ஒரே மரபணு கைகாட்டியதே காரணம்.

சேங்கரிலும் ஒரு பொறி உண்டு. நகலெடுப்பைத் தொடங்கி வைக்கும் பிரைமர் என்ற சிறு டிஎன்ஏ துண்டு ஒட்டும் இடத்திலேயே அந்த நபருக்கு ஒரு மாற்றம் இருந்தால், ஒரு பிரதி பெருகாமல் விட்டுப்போகும். இரண்டு மாதிரி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று மட்டும் தெரியும். எக்ஸோமும் சேங்கரும் முரண்பட்டால் பிரைமரை மாற்றி ஓட்டுங்கள், எக்ஸோமைக் குறை சொல்லாதீர்கள்.

வெட்டி ஒட்டுவதைக் கெடுக்கும் மாற்றம் என்று சந்தேகம் வந்தால் ஆர்என்ஏ பார்க்க வேண்டும். ரத்தத்தில் அந்த மரபணு வேலை செய்யவில்லை என்றால், இதயத் தசையை எளிதில் வெட்டி எடுக்க முடியாது என்பதால், மினிஜீன் செய்வார்கள்: சம்பந்தப்பட்ட எக்ஸானையும் சுற்றியுள்ள இன்ட்ரானையும் பிளாஸ்மிட் என்ற வட்ட டிஎன்ஏவில் வைத்து, சரியானது ஒன்று, மாறியது ஒன்று என வளர்ப்புச் செல்களில் ஏற்றி, வரும் ஆர்என்ஏவின் நீளத்தை ஒப்பிடுவது. சில வாரங்களில் முடியும். நோயாளியின் செல்லிலிருந்து ஸ்டெம் செல் வளர்த்து இதயச் செல்லாக்கி, டிஎன்ஏவைத் திருத்தும் கிறிஸ்பர் முறையால் அந்த ஒரு எழுத்தை மட்டும் திருத்திப் பார்ப்பது இதைவிட வலுவான சான்று. மாதக்கணக்கில் ஆகும், செலவும் அதிகம்.

இத்தனைக்கும் பிறகு ரிப்போர்ட்டில் ஐந்தில் ஒரு முத்திரை விழும்: நோய் தருவது, அநேகமாக நோய் தருவது, முடிவு சொல்ல முடியாதது, அநேகமாகத் தீங்கற்றது, தீங்கற்றது. 2015-ல் அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரி வகுத்த முறை இது. முதல் இரண்டு வந்தால் மட்டுமே குடும்பத்தில் மற்றவர்களுக்கு அந்த மாற்றத்தைச் சோதிக்க வேண்டும். இருப்பவர்களுக்கு முறையாக எக்கோ, இல்லாதவர்களைக் கண்காணிப்பிலிருந்து விடுவிக்கலாம். நடுவில் உள்ளதை வைத்துக்கொண்டு இதைச் செய்யவே கூடாது. "முடிவு சொல்ல முடியாதது" என்று வந்த மாற்றம் தங்கையிடம் இல்லை என்பதற்காக "உனக்கு ஒன்றுமில்லை, எக்கோ வேண்டாம்" என்று அனுப்பிவிடுவது உயிரோடு விளையாடுவது.

எக்ஸோம் பொதுவாக 100 குடும்பங்களில் 25 முதல் 40-க்குத்தான் விடை தருகிறது. மீதிப்பேருக்கு விடை இல்லை என்று பொருளில்லை. புதிய மரபணுக்கள் சேர்ந்துகொண்டே இருப்பதால், ஒன்றிரண்டு வருடம் கழித்து அதே தரவை மறுபடி அலசினால் புதிதாகப் பலருக்கு விடை கிடைக்கிறது. மறுபடி ரத்தம்கூட வேண்டாம். ஆகவே சோதனை செய்யும்போதே, பிடிஎஃப் ரிப்போர்ட் மட்டும் போதாது, மெஷின் படித்த மூலத் தரவான ஃபாஸ்ட்கியூ கோப்புகளும் மாற்றங்களின் பட்டியலான விசிஎஃப் கோப்பும் வேண்டும் என்று எழுதிக் கேட்டு வாங்கி ஒரு ஹார்ட் டிஸ்க்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு எக்ஸோமுக்கு சில ஜிபிதான் ஆகும். பல ஆய்வகங்கள் சில வருடங்களில் அழித்துவிடுகின்றன.